விதி வாழும் இடம்: தாய ஆட்ட வழக்குகளும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பதிப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஆடப்பெறும் தாய ஆட்டத்துக்கு விதிநூல் இல்லை. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்பு ஆட்டமோ ஐம்பதாண்டுகளில் பலமுறை மறுபதிப்புக் கண்டது. ஒன்று வாய்மொழியில் வேறுபடுகிறது. மற்றொன்று அச்சில் வேறுபடுகிறது. இவ்விரு வேறுபாடுகளையும் ஒப்பிடும் இக்கட்டுரை, பதிப்பு மாற்றம் என்பது விதியைத் திருத்துவதோடு நில்லாமல் விதியை முடிவுசெய்யும் அதிகாரத்தையும் இடம் மாற்றுகிறது என்பதை நிறுவ முயல்கிறது. அதன்வழித் தமிழில் நாட்டுப்புற ஆட்டங்களை ஆவணப்படுத்தும் முறையில் உள்ள ஒரு குறையைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தாயம், தாயக்கட்டை, வழக்கு வேறுபாடு, பதிப்பு, பாத்திரமேற்பு ஆட்டம், ஆவணப்படுத்தல்

முன்னுரை

ஆட்டம் பற்றிய பதிவு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரம், ‘வல்’ என்னும் சொல்லோடு ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்கள் புணரும் முறையைக் கூறுகிறது. அங்கு வல் என்பது சூதாடு கருவி. நாய் என்பது காய். பலகை என்பது அக்காய் நகரும் களம். கருவியின் பெயரும் காயின் பெயரும் களத்தின் பெயரும் இலக்கணத்தில் இடம்பெற்றன. ஆட்டம் எவ்வாறு ஆடப்பட்டது என்பது மட்டும் இடம்பெறவில்லை. இலக்கண நூலின் நோக்கம் அதுவன்று என்பதால் இதனைக் குறையாகக் கொள்ள இயலாது. எனினும் பொருள் எஞ்சி விதி மறைவது பிற்காலப் பதிவுகளிலும் தொடர்வதால் இது நினைவுகொள்ளத்தக்கது.

விதி ஏன் பதிவுக்கு எளிதில் அகப்படுவதில்லை? இவ்வினாவுக்கு விடை காண, விதியை அளவுக்கு மிஞ்சிப் பதிவு செய்த ஓர் ஆட்டத்தை எதிரே நிறுத்துவது பயன்தரும். அவ்வகையிலேயே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இங்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்விரண்டுக்கும் தோற்றத் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பகடை, களம், காய், எதிர்பாரா வீழ்ச்சி ஆகியவற்றை இரண்டும் பொதுவாகக் கொண்டிருக்கின்றன. விதியைக் காக்கும் முறையில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. ஒப்பீட்டுக்கு இவ்வளவே போதுமானது.

அச்சில் வளர்ந்த ஆட்டம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்வாட்டம் 1974இல் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கற்பனை உலகை விவரிப்பார். ஏனையோர் வீரர், மந்திரவாதி முதலிய பாத்திரங்களை ஏற்றுத் தம் செயலைச் சொல்வர். வெற்றி தோல்வி ஐயத்துக்குரியதாகும்போது பகடை உருட்டப்படும். அம்மூன்று நூல்களும் தம்மளவில் முழுமையானவை அல்ல. 1971இல் வந்த ‘செயின்மெயில்’ என்னும் போராட்ட விதிநூல் படிப்போர் கையில் இருக்கும் என்று அவை எடுத்துக்கொண்டன. விடுபட்ட இடங்களை நடத்துநரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் நூலின் பின்னுரையும், ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்பதைவிட ஆடுவோரே முடிவுசெய்துகொள்வது நன்று என்னும் கருத்தையே முன்வைத்தது.

ஐந்தாண்டு கழித்து அதே கைகாக்ஸ் வேறு நிலைப்பாட்டை எடுத்தார். 1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரில் மூன்று பெருநூல்கள் வெளிவந்தன. 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின் முன்னுரை, ஆட்டம் எங்கும் ஒரே சீராக இருத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. இம்மாற்றத்தை ஆசிரியரின் மனமாற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டம் நண்பர் வட்டத்தைக் கடந்து பல நகரங்களுக்குப் பரவியது. ஒருவரையொருவர் அறியாதார் கூடும் போட்டிகளில் ஆடப்பட்டது. அறியாதார் கூடி ஆடும்போது, ‘எங்கள் ஊர் வழக்கம் இது’ என்னும் சொல்லுக்கு மதிப்பில்லை. அங்கு நூல் நடுவராகிறது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, அன்றைய பொதுமக்கள் எதிர்ப்பின் சூழலில், பேய், பிசாசு என நேரே பொருள்தரும் பெயர்களை நீக்கிப் புதுப்பெயர் சூட்டியது. 1997இல் உரிமை ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனத்துக்கு மாறியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, செயலுக்குச் செயல் வேறுபட்டிருந்த முறைகளைப் பெரும்பாலும் ஒன்றாக்கியது: இருபது முகப் பகடையை உருட்டி, உரிய எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. அதே ஆண்டில், பிறரும் இவ்விதிகளைக் கொண்டு நூல் எழுதலாம் என்னும் திறந்த உரிமமும் வெளியிடப்பட்டது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, தொலைவுகளைக் கட்டக் கணக்கில் அளந்து ஆட்டத்தைப் பலகையோடு இறுகப் பிணைத்தது. அதனை ஏலாத பலர், பைசோ நிறுவனம் 2009இல் பழைய விதிகளைத் தழுவி வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்துக்குச் சென்றனர். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஆடுவோரிடையே வெள்ளோட்டம் விட்ட பின்னர் அச்சேறியது. பல விதிகளை ‘விரும்பினால் கொள்க’ என விட்டு, நடத்துநரின் தீர்ப்புக்கு மீண்டும் இடம் தந்தது. 2024இன் திருத்தப் பதிப்பு புதிய எண் பெறாமலே வந்தது.

இவ்வரிசையைப் பெரும்பாலோர் வளர்ச்சியாகவோ சரிவாகவோ படிக்கின்றனர். அதிகாரத்தின் இடமாற்றமாகவும் இதனைப் படிக்கலாம். 1974இல் விதி நடத்துநரிடம் இருந்தது. 1979இல் நூலுக்குச் சென்றது. 2008இல் பலகைக்கு நெருங்கியது. 2014இல் ஒரு பகுதி நடத்துநரிடம் திரும்பியது. 2023 சனவரியில் திறந்த உரிமத்தை மாற்ற நிறுவனம் முனைந்தபோது எழுந்த எதிர்ப்பும், அதன்பின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டதும் சட்டச் சிக்கல்களைவிட எளிய ஒரு வினாவையே எழுப்பின: விதி யாருடையது?

வானம் பார்த்த நிலத்தில் தாயம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதிகள். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, தை, மாசியில் அறுப்பு முடித்தபின், அடுத்த விதைப்பு வரை நிலத்தில் வேலை குறைவு. அருப்புக்கோட்டையில் நெசவு உண்டு. சிற்றூர்களில் விறகும் கரிமூட்டமும் ஆடுமேய்ப்பும் உண்டு. ஆயினும் கோடையின் நண்பகல் நீளமானது. சாவடி, கோயில் மண்டபம், வேப்பமர நிழல், வீட்டுத் திண்ணை ஆகியவை தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் இடம் தருகின்றன. களம் வரைய ஒரு கரித்துண்டு போதும். காய்களாகக் கூழாங்கல்லும் ஓட்டுத்துண்டும் உடைந்த வளையலும் அமையும்.

தாயத்தின் பொதுவடிவம் தென்மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்டதே. கட்டங்கள் கொண்ட சதுரக் களம், வெளிச்சுற்றிலிருந்து உட்சுற்று வழியாக நடுக்கட்டம் நோக்கிய நகர்வு, குறுக்குக்கோடிட்ட ‘மலை’க் கட்டத்தில் காய்க்குப் பாதுகாப்பு, பிற இடங்களில் எதிரியின் காய் வந்தமர்ந்தால் ‘வெட்டு’, நடுவை அடைந்த காய் ‘பழம்’. இவ்வளவும் பொது. இதற்குமேல் வழக்குகள் கிளைக்கின்றன. தாயம் விழுந்தால் மட்டுமே காய் இறங்குமா, ஐந்துக்கும் இறங்குமா? ஒரு வெட்டேனும் வெட்டாமல் உட்சுற்றுக்குள் நுழையலாமா? வெட்டியவருக்கு மறு ஆட்டம் உண்டா? ஒரே கட்டத்தில் இரட்டையாக நிற்கும் காய்களைத் தனிக்காய் வெட்டலாமா? ஒரே எண் மூன்றுமுறை தொடர்ந்து விழுந்தால் அது செல்லுமா?

இவ்வினாக்களுக்கு ஊருக்கு ஊர், சில வேளை தெருவுக்குத் தெரு விடை மாறும். பிறந்த ஊரின் வழக்கைப் புகுந்த ஊருக்குக் கொண்டுவரும் பெண்களின் வழியே இவ்விடைகள் ஒன்றோடொன்று சந்திக்கின்றன. எனவே காயை வைக்கும் முன் ‘பேசி வைத்துக்கொள்ளுதல்’ நிகழ்கிறது. அப்பேச்சே அன்றைய ஆட்டத்தின் பதிப்பு. அதன் ஆயுள் அந்த ஆட்டம் முடியும்வரைதான்.

கருவி மாறினால் விதி மாறும்

வாய்மொழி வழக்குகளின் வேறுபாட்டை நினைவுப்பிழையாகக் கருதும் போக்கு ஆய்வுலகில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளை எடைபோட்டு மூலபாடத்தை நெருங்கும் பயிற்சி பெற்ற கண்ணுக்கு, ஆட்ட வழக்குகளும் ஏதோ ஒரு மூலவிதியின் சிதைவுகளாகத் தோன்றுவது இயல்பு. இக்கருத்தைச் சோதிக்கத் தாயத்தின் கருவிகளே இடம் தருகின்றன.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். வெறுமுகம் ஒன்று, ஏனையவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 வகையான வீழ்ச்சிகள் உண்டு. அவற்றுள் ஒன்று என்னும் தாயம் 2 வகையிலும், இரண்டு 3 வகையிலும், மூன்று 4 வகையிலும், நான்கு 3 வகையிலும், ஐந்து 2 வகையிலும், ஆறு 1 வகையிலும், இரு வெறுமுகமும் சேர்ந்த பன்னிரண்டு 1 வகையிலும் விழும். தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. சராசரியாக 8 உருட்டலுக்கு ஒருமுறைதான் காய் இறங்கும்.

கட்டை இல்லாத இடத்தில் புளியங்கொட்டை கட்டையாகிறது. ஒருபக்கத்தைக் கல்லில் உரசி வெண்மையாக்கிய நான்கு கொட்டைகளைக் குலுக்கிப் போட்டால், வெள்ளை மேலாக விழுந்தவற்றை எண்ணுவர். நான்கும் கறுப்பானால் எட்டு. இருபக்கமும் சம வாய்ப்பில் விழும் எனக் கொண்டால், இங்கும் 16 வகை வீழ்ச்சிகளே. ஆனால் ஒன்றே ஒன்று வெள்ளையாக விழுவது 4 வகையில் நிகழும். தாயத்தின் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிறது. பித்தளைக் கட்டையில் 8 உருட்டல் காத்திருந்தவர், கொட்டையில் 4 உருட்டலே காத்திருக்கிறார்.

இனி, மேலே கண்ட முதல் வழக்கு வேறுபாட்டைத் திரும்பப் பார்க்கலாம். பித்தளைக் கட்டையில் ‘ஐந்துக்கும் காய் இறங்கும்’ என்று பேசி வைத்தால், தாயத்தின் 2 வகையும் ஐந்தின் 2 வகையும் சேர்ந்து 4 ஆகின்றன. வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு கொட்டையில் தாயத்துக்கு உள்ள வாய்ப்பும் இதுவே. மறு ஆட்டத்திலும் இத்தகைய ஒப்புமை உண்டு. கட்டையில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் தரும் வழக்கில் 16இல் 6 வகைகள் அதற்குரியவை. கொட்டையில் தாயம், நான்கு, எட்டு ஆகியவற்றுக்குத் தரும் வழக்கிலும் 16இல் 6 வகைகளே.

இவ்வொப்புமையைக் கொண்டு வரலாறு எழுத இயலாது. எந்த வழக்கு முந்தியது, எது எதைப் பார்த்து எழுந்தது என்பதற்கு இக்கணக்கு சான்றாகாது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: ‘ஐந்துக்கும் இறங்கும்’ என்பதைப் பிழை வழக்கென ஒதுக்க இயலாது. கருவியின் இறுக்கத்தைத் தளர்த்தி ஆட்டத்தின் நடையை ஒத்த அளவில் வைக்கும் வேலையை அது செய்கிறது. கருவியைக் குறிப்பிடாமல் ‘தாயம் விழுந்தால் காய் இறங்கும்’ என்று மட்டும் எழுதும் பதிவு, பாதி விதியைத்தான் எழுதியிருக்கிறது.

அச்சு ஆட்டத்திலும் இதனை ஒத்த நிகழ்வு உண்டு. ஐந்தாம் பதிப்பு, கூட்டல் கழித்தல் பட்டியல்கள் பலவற்றைக் குறைத்து, சாதகமான சூழலில் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளும் முறையைப் புகுத்தியது. 11 அல்லது அதற்குமேல் தேவைப்படும் இடத்தில் ஓர் உருட்டலில் 50 விழுக்காடாக உள்ள வாய்ப்பு, இம்முறையில் 75 விழுக்காடாகிறது. அங்கும் வாய்ப்பு சரிசெய்யப்படுகிறது. ஆனால் அச்சரிசெய்தலுக்கு ஒரு நிறுவனமும் வெள்ளோட்டமும் புதிய நூலும் தேவைப்பட்டன. திண்ணையில் அது ஒரு சொல்லில் முடிகிறது.

வெட்டும் சாவும்

ஓர் ஆட்டத்தின் கடுமையை அறிய, தோற்ற காய்க்கு என்ன நேர்கிறது என்று பார்த்தல் வேண்டும். 1974 பதிப்பில் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சாவு. 2000 பதிப்பில் உயிர்ப்புள்ளி கழித்தல் 10ஐத் தொடும்வரை உயிர் ஊசலாடும். 2014 பதிப்பில் வீழ்ந்தவர் முறைதோறும் பகடை உருட்டுவார். 10 அல்லது அதற்குமேல் விழுந்தால் தேர்ச்சி. மூன்று தவறினால் சாவு, மூன்று தேறினால் உயிர் நிலைபெறும். ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் கதை சொல்லும் பழக்கம் பெருகப் பெருகச் சாவு அரிதாயிற்று.

தாயத்தில் வெட்டுண்ட காய் சாவதில்லை. தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் தாயத்துக்குக் காத்திருக்கிறது. அக்காத்திருப்பின் நீளம் கட்டையில் ஒன்று, கொட்டையில் ஒன்று என்பதை முன்னர்க் கண்டோம். ‘வெட்டாமல் உள்ளே போகக்கூடாது’ என்னும் வழக்கு சேர்ந்தால் ஆட்டத்தின் ஒழுக்கமே மாறுகிறது. ஒருவர் பிறரைத் தொடாமல் தன் வழியே சென்று பழுக்கும் வாய்ப்பு அடைபடுகிறது. ஒவ்வொரு வெற்றியும் இன்னொருவரின் இழப்பின் மேல் நிற்க வேண்டியதாகிறது. அவ்வழக்கு இல்லாத ஆட்டத்தில் ஒதுங்கிச் செல்வோருக்கும் பழம் உண்டு. பல்லாங்குழியின் விதியில் சமநிலை குலைந்து உடைமை ஒருவரிடம் குவிவதைத் தொ. பரமசிவன் வாசித்துக் காட்டினார். அத்தகைய வாசிப்பைத் தாயத்துக்குச் செய்ய முற்படுவோர், எந்த வழக்கை வாசிக்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இரு வழக்கும் இருவேறு உலகங்களைக் காட்டுகின்றன.

உடன்பாட்டின் வரம்பு

பேசி வைத்தலைச் சமத்துவமாக உயர்த்திச் சொல்வதும் பொருந்தாது. திண்ணையில் எல்லாருடைய சொல்லுக்கும் ஒரே எடை இல்லை. மூத்தவர் சொல் முந்தும்; புதிதாக வந்த மருமகளின் ஊர்வழக்கு முதல் கோடையிலேயே ஏற்கப்படுவதில்லை. எந்தத் திண்ணையில் யார் அமரலாம், சாவடியில் யார் காய் வைக்கலாம் என்பதைச் சாதியும் பாலும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. அறியாதாரும் சமமாக அமர நூல் வழிசெய்கிறது. 1979இன் ஒருமைக் கோரிக்கைக்கு இருந்த நியாயம் இதுவே. கடைகளில் விற்கும் பெட்டித் தாயமும் கைப்பேசித் தாயமும் இந்நியாயத்தைப் பெற்றவையே. வழக்கு அறியாத ஒருவர் அவற்றில் உடனே ஆடத் தொடங்கலாம்.

ஆனால் அவற்றிடையேயும் ஒரு வேறுபாடு உண்டு. பெட்டியின் விதித்தாளை ஒதுக்கிவிட்டு ஊர்வழக்கில் ஆடத் தடையில்லை; விதி தாளில் இருந்தாலும் கை மனிதருடையது. கைப்பேசியில் விதியே கை. ‘இரட்டையை வெட்டக்கூடாது’ என்று இருவர் உடன்பட்டாலும் செயலி வெட்டிவிடும். அமெரிக்க ஆட்டத்தின் எந்தப் பதிப்பும் இவ்வளவு அதிகாரத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டதில்லை. மிகக் கட்டுப்பாடான பதிப்பிலும் மேசையில் நடத்துநர் ஒருவர் இருந்தார்.

ஆவணப்படுத்தலின் சிக்கல்

தமிழில் ஆட்டங்களைத் தொகுத்த முன்னோடி முயற்சிகளுள் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) முதன்மையானது. ஆட்டின் பெயர், ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத்தோற்றம் என அவர் அமைத்த தலைப்புகள் பின்வந்தோருக்கு வழிகாட்டின. சில ஆட்டங்களுக்குப் பாண்டிநாட்டு முறை, சோழ கொங்குநாட்டு முறை என வட்டார வேறுபாட்டையும் அவர் தந்தார். வேறுபாட்டைப் பிழையாகக் கருதாத அப்பார்வை போற்றத்தக்கது. எனினும் அத்தலைப்புகளுள் ஆட்டத்துக்கு முந்தைய உடன்பாட்டுக்கு இடமில்லை. ‘ஆடுமுறை’ என்னும் ஒருமைச் சொல், முடிந்துபோன பேச்சின் விளைவை மட்டும் தாங்குகிறது.

பிற்காலத் தொகுப்பாளர் அத்தலைப்புகளை எடுத்துக்கொண்டு வட்டாரப் பகுப்பை விட்டுவிடும்போது இழப்பு இரட்டிப்பாகிறது. ஒரு களப்பணியில் கிடைத்த ஒரு நாளின் உடன்பாடு, ‘தாயம் ஆடும் முறை’ என்று அச்சேறுகிறது. அதனைப் பார்த்தே பாடநூலும் பெட்டியும் செயலியும் விதி எடுக்கும் நிலையில், ஆய்வாளர் தாம் அறியாமலே ஓர் ஆட்டத்தின் முதற்பதிப்பை வெளியிட்டவராகிறார். கைகாக்ஸ் அறிந்து செய்ததை இவர் அறியாமல் செய்கிறார்.

இதற்கு மாற்று கடினமானதன்று. களப்பதிவில் கருவி யாது, எத்தனை கொட்டை, ஆடுவோர் ஒருவருக்கொருவர் என்ன உறவு, எந்தெந்த விதி பேசி வைக்கப்பட்டது, யார் சொல்லி யார் ஏற்றார், நடுவில் எழுந்த சச்சரவு எவ்வாறு தீர்ந்தது ஆகியவற்றை ஆடுமுறைக்கு முன்னே தனித்தலைப்பில் பதிவுசெய்தல் வேண்டும். சச்சரவு பதிவுக்கு இடையூறன்று. பேசாமல் விட்ட விதி வெளிப்படும் இடம் அதுவே.

முடிவுரை

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பதிப்புகளின் வரலாறு, விதிக்குள் நிகழ்ந்த மாற்றத்தோடு விதியை ஆள்பவர் மாறியதையும் காட்டுகிறது. அம்மாற்றங்கள் அச்சில் இருப்பதால் ஆண்டு குறித்து எண்ண முடிகிறது. தாயத்திலும் அவ்வளவு பதிப்புகள் உண்டு. அவை ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவதால் எண்ணப்படுவதில்லை. தாயக்கட்டைக்கும் புளியங்கொட்டைக்கும் இடையிலான கணக்கு, வழக்கு வேறுபாடு காரணமின்றி எழுந்த சிதைவாக இருக்கவேண்டியதில்லை என்பதைப் புலப்படுத்துகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரி வட்டாரங்களில், பல ஊர் வழக்குகளை நினைவில் கொண்டு பேசி வைத்து ஆடும் மூத்த தலைமுறை இன்னும் உள்ளது. அவர்களிடம் ‘தாயம் எப்படி ஆடுவது?’ என்று கேட்டால் ஒரு விதி கிடைக்கும். ‘ஆடும் முன் எதையெல்லாம் பேசி வைப்பீர்கள்?’ என்று கேட்டால் ஆட்டம் முழுவதும் கிடைக்கும்.